கிட்டார் நெக்குக்கு என்ன பூச்சு? – வாசகர் கேள்வி பதில்

எலெக்ட்ரிக் கிட்டாரில் திருகு போட்டு மாட்டும் நெக் (தந்திகள் ஓடும் நீளமான கழுத்துப் பகுதி) பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: பூச்சே இல்லாத மேப்பிள் நெக் ஒன்று வாங்கியிருக்கிறேன். டங் ஆயில், ட்ரூ-ஆயில், லாக்கர், பாலியூரித்தேன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பளபளப்பு வேண்டாம், கை தடையில்லாமல் ஓட வேண்டும். எதைப் பூசுவது?

பதில்: டப்பாவைத் திறப்பதற்கு முன் நெக்கோடு வந்த உத்தரவாதச் சீட்டைப் படித்துவிடுங்கள். லாக்கர், பாலியூரித்தேன் போன்ற கெட்டிப் படலம் பூசினால்தான் மேப்பிள் நெக்குக்கு உத்தரவாதம் செல்லும், வெறும் எண்ணெய் என்றால் செல்லாது என்று சில தயாரிப்பாளர்கள் நிபந்தனை போடுவதுண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. மேப்பிள், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்தும் விட்டும் அசைகிற மரம். எந்தப் பூச்சும் ஈரத்தை அடியோடு தடுக்காது. உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். படலம் நன்றாகவே குறைக்கும். மரத்தில் ஊறிப்போகும் எண்ணெய் பேருக்குக் குறைக்கும்.

கடையில் எத்தனை பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது மூன்று வகைதான். சுத்தமான டங் ஆயிலும் ஆளி விதை எண்ணெயும் மரத்துக்குள் போய் இறுகுபவை. லாக்கர், பாலியூரித்தேன், பாலியெஸ்டர் மூன்றும் மரத்தின் மேல் படலமாக நிற்பவை. இரண்டுக்கும் நடுவே துணியால் தேய்த்துப் பூசும் வார்னிஷ், டேனிஷ் ஆயில், ட்ரூ-ஆயில் ஆகியவை வருகின்றன. இவற்றில் எண்ணெயும் உண்டு, படலம் கட்டும் சரக்கும் உண்டு. ஒன்றிரண்டு கோட்டில் (ஒரு தடவை பூசுவது ஒரு கோட்) எண்ணெய் போலவும், ஏழெட்டுக் கோட்டில் வார்னிஷ் போலவும் நடந்துகொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்று எழுதிய புட்டிகளில் பல, தின்னர் கலந்த வார்னிஷ்தான். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் சின்னதாக ஊற்றி இரண்டு நாள் வையுங்கள். மழமழப்பாகக் கெட்டியாகிவிட்டால் வார்னிஷ். சுருங்கி, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் எண்ணெய், அல்லது எண்ணெய் தூக்கலான கலவை.

இனி கை ஓடுவது. இதற்கும் பூச்சின் பெயருக்கும் பலரும் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் இல்லை. மேல்பரப்பு எவ்வளவு மினுங்குகிறது என்பதே கணக்கு. கண்ணாடி போன்ற பரப்பில் உள்ளங்கைத் தோல் முழுவதும் படிந்துவிடும். நடுவே கொஞ்சம் வியர்வை சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய கீறல்களால் மினுக்கம் மங்கிய சாட்டின் பரப்பில் தோல் மேடுகளை மட்டும்தான் தொடும். ஆகவே ‘பாலியூரித்தேன் ஒட்டும், எண்ணெய் ஒட்டாது’ என்பது பாதிதான் சரி. பாலியூரித்தேனையே சாட்டினாக முடித்தால் கை ஓடும். எண்ணெயையே பத்துக் கோட் ஏற்றிப் பளபளவென்று தேய்த்தால் அதுவும் பிடிக்கும்.

உங்கள் நெக்குக்கு எங்கள் தேர்வு, எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன் வார்னிஷும் மினரல் டர்பன்டைனும் சம பங்கு கலந்து துணியால் தேய்ப்பது. தெளிப்பான் வேண்டாம், பிரஷ் தடம் விழாது, தூசி ஒட்டினாலும் அடுத்த கோட்டுக்கு முன் தேய்த்து எடுத்துவிடலாம். நெக்கின் முதுகுக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் (தந்தி முறுக்கும் தலைப்பகுதி) ஒரு கோட்டுக்கு 2, 3 மி.லி. போதும். நூல் பிரியாத பழைய பருத்தித் துணியை மடித்து, லேசாக நனைத்து, பாடியில் மாட்டும் முனையான ஹீலிலிருந்து ஹெட்ஸ்டாக் வரை ஒரே நீள இழுப்பாக இழுங்கள். பரப்பு ஈரமாகத் தெரிய வேண்டும், வழியக் கூடாது. ஒரு முறை போன இடத்துக்கு ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் போகாதீர்கள்; பாதி இறுகிய வார்னிஷைத் துணி பிய்த்து எடுத்துவிடும்.

முதல் மூன்று கோட்டுக்குப் பளபளப்பான (gloss) வார்னிஷ், கடைசி இரண்டுக்குச் சாட்டின். சாட்டினில் மினுக்கத்தைக் குறைக்கும் தூள் கலந்திருக்கும். அது அடியில் தங்கிவிடும். குலுக்கினால் குமிழி வரும், எனவே குச்சியால் அடியிலிருந்து கிளறுங்கள். ஐந்து கோட்டும் சாட்டினாகவே போட்டால் மரத்தின் மேல் மங்கல் விழும். கோட்டுக்குக் கோட் ஒரு நாள் இடைவெளி. பாலியூரித்தேனில் புதிய கோட் பழைய கோட்டைக் கரைத்துக்கொண்டு சேராது, கீறல்களில் பிடித்துக்கொள்வதுதான். அதனால் நடுவில் 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்த பிறகே அடுத்தது. கடைசிக் கோட்டுக்குப் பின் இரண்டு வாரம் தொடாமல் வைக்க முடிந்தால் வையுங்கள். மறுநாளே காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் காய்வது வேறு, இறுகுவது வேறு. அவசரப்பட்டுத் தந்தி மாட்டி வாசித்தால் கட்டைவிரல் அழுந்தும் இடத்தில் தடம் விழுந்துவிடும்.

கேள்வி: ட்ரூ-ஆயில் பூசி மூன்று நாளாகியும் நெக் பிசுபிசுவென்று இருக்கிறது. ‘நிறைய பூசினால் நன்றாக ஊறும்’ என்று தாராளமாகத்தான் பூசினேன். என்ன செய்யலாம்?

பதில்: தாராளம்தான் காரணம். ட்ரூ-ஆயில் துப்பாக்கிக் கட்டைக்கென்று வந்த பூச்சு. ஆளி விதை எண்ணெயைப் பதப்படுத்தி, தின்னர் கலந்தது. மியூசிக் மேன் கிட்டார்களின் நெக் துப்பாக்கிக் கட்டை எண்ணெயும் மெழுகும் பூசி வருவதால், வீட்டில் செய்கிறவர்களும் இதைத் தேடுகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் இது இறுகுவது தின்னர் ஆவியாவதால் மட்டும் அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி. தடிமனாகப் பூசினால் மேல்தோல் முதலில் மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பதற்குக் காற்று போகாது. சுருக்கம் விழுவதும் இதனால்தான்.

ஈரமான அறை, குளிர், பல மாதம் திறந்து மூடிய பழைய புட்டி ஆகியவையும் இதே பிசுபிசுப்பைக் கொடுக்கும். புட்டியில் பாலாடை மாதிரி தோல் கட்டியிருந்தால் அதை எறிந்துவிடுங்கள், வடிகட்டிப் பூச வேண்டாம்.

இப்போதைக்கு நெக்கைக் காற்றோட்டமான, கதகதப்பான இடத்தில் தொங்கவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அப்புறமும் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது என்றால் காத்திருந்து பயனில்லை. 0000 எண் ஸ்டீல் வுல்லை (மிக நுண்ணிய இரும்பு நார்) மினரல் டர்பன்டைனில் நனைத்து, பிசுபிசுக்கும் அடுக்கு முழுவதும் போகும்வரை நீளவாக்கில் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். மரம் வரை போக வேண்டியதில்லை. ஒரு நாள் காய்ந்ததும் மறுபடி ஆரம்பிக்கலாம்.

இந்த முறை நான்கைந்து சொட்டு மட்டும் எடுத்து, ஒரு கையகல இடத்தில் விரலாலேயே தேயுங்கள். விரலுக்குக் கீழே லேசாகப் பிடிக்க ஆரம்பிக்கும்வரை பரப்பிக்கொண்டே போய், அடுத்த கையகல இடம். முழு நெக்கும் முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒரு முறை வழித்துவிடுங்கள். அடுத்த கோட்டுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம். ஈர நாளில் ஒரு நாள் முழுக்க. இரண்டு கோட்டுக்கு ஒரு முறை உலர்ந்த 0000 ஸ்டீல் வுல். சாட்டின் நெக்குக்கு ஐந்தாறு கோட் போதும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் இறுகும்போது வெப்பத்தைக் கக்கும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கும். இது பயமுறுத்தலுக்குச் சொல்வதில்லை, நிஜமாக நடப்பது. துணியை வெளியே ஒற்றை மடிப்பாக விரித்து விறைப்பாகும்வரை காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். டங் ஆயில், டேனிஷ் ஆயில், எண்ணெய் வார்னிஷ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

கேள்வி: வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ பூசினால் ஆகாதா?

பதில்: ஆகாது. அவை இறுகாத எண்ணெய்கள். எண்ணெய் காற்றில் இறுகுமா என்பதைக் காட்ட அயோடின் எண் என்று ஓர் அளவு உண்டு. ஆளி விதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல், தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டி. தேங்காய் எண்ணெய் பூசிய நெக் என்றைக்கும் எண்ணெயாகவே இருக்கும்; அழுக்கைச் சேர்க்கும்; பிறகு எந்த நல்ல பூச்சும் அதன் மேல் பிடிக்காது.

கேள்வி: உப்புத்தாள் எந்த எண்ணில் தொடங்கி எதில் நிறுத்துவது? நான் 1000 வரை தேய்த்து எண்ணெய் பூசினேன். நெக் அழகாக இருக்கிறது. ஆனால் ஹெட்ஸ்டாக் வளைவும் ஹீலும் மட்டும் கறுத்துவிட்டன.

பதில்: எங்கே நிறுத்துவது என்பது பூசப்போகும் சரக்கைப் பொறுத்தது. லாக்கர், வார்னிஷ், பாலியூரித்தேன் என்றால் 220, மிஞ்சினால் 320. அதற்கு மேல் போனால் மேப்பிள் மெருகேறி மழமழப்பாகிவிடும், படலம் பிடிக்க இடம் இருக்காது. எண்ணெய் மட்டும் என்றால் 400, 600 வரை போகலாம். 1000 வரை போனதால் கெடுதல் இல்லை, எண்ணெய் குறைவாக உள்ளே போயிருக்கும், அவ்வளவே.

தொடக்கம் 120 அல்லது 150. ஆலையில் இழைத்த கத்தியின் அலைத்தடம் நெக்கின் முதுகில் குறுக்குக் கோடுகளாக இருக்கும். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்து, அதன் ஒளி நெக்கை உரசிக்கொண்டு போகும்படி பாருங்கள். அந்தக் கோடுகள் 150-லேயே போய்விட வேண்டும். மிச்சம் வைத்தால் பூச்சு ஏறியதும் பளிச்சென்று தெரியும், 320 தாளால் அதை எடுக்கவே முடியாது. பிறகு 180, 220. ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய தாளின் கீறல் முழுக்கப் போன பிறகே அடுத்ததுக்கு மாறுங்கள். நீளவாக்கில் மட்டும் தேயுங்கள்.

220 முடிந்ததும், பிழிந்த ஈரத்துணியால் நெக்கை ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். மரத்தின் மெல்லிய நார்கள் எழுந்து நின்று சொரசொரக்கும். புதிய 320 தாளால் அழுத்தாமல் இரண்டு இழுப்பு இழுத்தால் அவை போய்விடும். தண்ணீர் சார்ந்த பூச்சு போடப்போகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. இல்லாவிட்டால் அதே நார்கள் முதல் கோட்டில் எழுந்து, நெக்கே உப்புத்தாள் போலாகிவிடும்.

கறுத்த இடங்களுக்கு வருவோம். ஹீலின் முனையிலும் ஹெட்ஸ்டாக் வளைவிலும் மரத்தின் இழைகள் வெட்டுப்பட்டு, வாய் திறந்து நிற்கின்றன. அங்கே எண்ணெய் மற்ற இடத்தைவிடப் பல மடங்கு உறிஞ்சப்படும். அந்த இடங்களை மட்டும் இரண்டு எண் கூடுதலாகத் தேய்ப்பது ஒரு வழி. அதைவிட நம்பகமானது, மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை (அரக்கு) நீர்க்கக் கரைத்து, 100 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் கணக்கில், முதலில் அங்கே ஒரு தடவை தடவிவிடுவது. உங்கள் நெக்கில் ஏற்கெனவே கறுத்ததை 220 தாளால் ஓரளவு குறைக்கலாம், முழுக்கப் போகாது. அதற்காக ஹெட்ஸ்டாக் வளைவைத் தேய்த்து மெலிதாக்கிவிடாதீர்கள். நெக் உடையும் இடமே அதுதான்.

கேள்வி: என் கிட்டாரில் நெக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, கை ஒட்டுகிறது. பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு எண்ணெய் பூசலாமா?

பதில்: வேண்டாம். தொழிற்சாலையில் போடும் பாலியெஸ்டர் படலம் பெயிண்ட் ரிமூவருக்கு லேசில் அசையாது. ஹீட் கன்னால் சூடேற்றிச் சுரண்டுவது பாடிக்குச் சரி. நெக்கில், விரல் அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டை ஒட்டிய பசை அதே சூட்டில் இளகிவிடும். மினுக்கத்தை மட்டும் மங்கவைத்தால் போதும், அரை மணி நேர வேலை. அதற்கு இத்தனை ஆபத்து எதற்கு?

தந்திகளைக் கழற்றுங்கள். ஹெட்ஸ்டாக் வளைவு தொடங்கும் இடத்திலும் ஹீலுக்கு ஒரு விரல் முன்னாலும் மாஸ்கிங் டேப்பை நேர்கோடாகச் சுற்றுங்கள். ஃப்ரெட்போர்டின் இரு ஓரங்களிலும் ஒட்டுங்கள். நாஃப்தாவால் நெக்கைத் துடைத்து, பழைய பாலிஷையும் கைப்பிசுக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகு சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் பட்டையால் நீளவாக்கில் மட்டும், ஒரே சீரான அழுத்தத்தில் தேயுங்கள். மினுக்கம் எங்கும் ஒரே மாதிரி மங்கியதும் நிறுத்துங்கள். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பட்டை உதவாது. அது கரடு, ஆழமான கீறல் விழும். பட்டை கிடைக்காவிட்டால் 800 எண் தாளும் அதன் பின் 1000 எண் தாளும் போதும்.

ஸ்டீல் வுல்லிலும் செய்யலாம். ஆனால் நெக் பாடியில் மாட்டியிருக்கும்போது செய்தால், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளைக் காற்றுப் புகாதபடி டேப்பால் மூடுங்கள். உதிரும் இரும்புத் தூளைப் பிக்கப்பின் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

சில மாதங்களில் கை தேய்ந்து தேய்ந்து மினுக்கம் மறுபடி வரும். அப்போது அதே பட்டையால் இரண்டு நிமிஷம் தேய்த்தால் ஆயிற்று. படலம் தடிமனாகத்தான் இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடாது. பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் நெக்காக இருந்தால் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அந்தப் படலம் மெல்லியது, பழங்கிட்டாரின் மதிப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

கேள்வி: மேப்பிள் தவிர மற்ற மர நெக்குகளுக்கும் இதே முறைதானா? ரோஸ்வுட் நெக்கில் வார்னிஷ் ஒரு வாரமாகக் காயவில்லை.

பதில்: ரோஸ்வுட்டின் இயற்கை எண்ணெயில் இருக்கும் சில பொருட்கள், எண்ணெய் வார்னிஷ் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதையே தடுக்கின்றன. நாள் கணக்கில் காத்தாலும் அது காயாது. இருக்கும் வார்னிஷை நாஃப்தாவால் துடைத்தெடுத்து, மெழுகு நீக்கிய ஷெல்லாக் இரண்டு கோட் கொடுத்து மரத்தை மூடிய பிறகு வார்னிஷ் போடுங்கள். மெழுகு நீக்கியதா என்று பார்த்து வாங்குவது முக்கியம். சாதாரண ஷெல்லாக்கில் உள்ள மெழுகின் மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது, பிற்பாடு உரியும். உண்மையில் ரோஸ்வுட்டுக்கும் வெங்கேக்கும் பூச்சே இல்லாமல் விட்டுவிடலாம். 600 வரை தேய்த்து, துணியால் அழுத்தி மெருகேற்றினால் கைக்கு அதைவிடச் சுகம் வேறில்லை.

மஹாகனியில் துளைகள் திறந்திருக்கும். எண்ணெய் அல்லது மெல்லிய சாட்டின் என்றால் அப்படியே விடலாம். பளபளப்பு வேண்டுமானால் துளை அடைக்கும் பேஸ்ட்டைக் குறுக்குவாக்கில் தேய்த்து நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத்தான் லாக்கர். அடைக்காமல் போட்டால் எத்தனை கோட் போட்டாலும் குழிகள் தெரிந்துகொண்டே இருக்கும்.

வறுத்த (சூட்டில் பதப்படுத்திய) மேப்பிள் காற்றிலிருந்து ஈரத்தைக் குறைவாகவே வாங்கும். அதற்கு எண்ணெயும் மெழுகும் தாராளமாகப் போதும். ஆனால் அது நொறுங்கும் தன்மை உள்ளது. திருகு போடும் இடங்களில் முன்துளை சரியான அளவில் இல்லையென்றால் பிளந்துவிடும்.

கேள்வி: பழைய கிட்டார்களில் இருக்கும் தேன் நிறம் புது மேப்பிள் நெக்கில் வர என்ன வழி? மர ஸ்டெய்ன் பூசிப் பார்த்தேன், திட்டுத் திட்டாகிவிட்டது.

பதில்: மேப்பிள் அடர்த்தியான மரம், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி இல்லை. ஸ்டெய்ன் நெகிழ்ந்த இடங்களில் அதிகமாக இறங்கும். நிறத்தை மரத்துக்குக் கொடுக்காமல் பூச்சுக்குக் கொடுங்கள். பழைய நெக்குகளின் நிறமும் பெரும்பாலும் லாக்கர் படலம் மஞ்சளித்து வந்ததுதான்.

எளிய வழி, ஆம்பர் ஷெல்லாக். 100 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 24 கிராம் செதில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரண்டு மூன்று கோட்டிலேயே தேன் நிறம் வந்துவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம் ஏறும் என்பதால் போதும் என்று தோன்றுவதற்கு ஒரு கோட் முன்னாலேயே நிறுத்துங்கள். மேலே நாம் சொன்ன வார்னிஷைப் போடுவதாக இருந்தால் இதுவும் மெழுகு நீக்கிய செதிலாக இருக்க வேண்டும். கரைத்த ஷெல்லாக் நாளாக நாளாகக் கெடும். ஆறு மாதத்துக்கு மேல் ஆனதை நெக்கில் பூசாதீர்கள். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: மறுநாளும் விரலில் ஒட்டினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஷெல்லாக்கையே கடைசிப் பூச்சாக விட வேண்டாம். வியர்வையும் ஆல்கஹாலும் அதற்கு ஆகாது. மாறாக, நிறமே வேண்டாம், மேப்பிள் வெளிறியபடியே இருக்க வேண்டும் என்பவர்கள் தண்ணீர் சார்ந்த பாலியூரித்தேனைப் போடுங்கள். எண்ணெய் வகை அனைத்தும் கொஞ்சமாவது மஞ்சளிக்கும்.

கேள்வி: ஸ்பிரே டப்பாவில் நைட்ரோ லாக்கர் அடித்தேன். மழை நாள். லாக்கர் பால் மாதிரி வெளுத்துவிட்டது.

பதில்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் லாக்கர் டப்பாவைத் தொடாதீர்கள். வெளுப்பு சில நேரம் உலர்ந்த அறையில் ஒரு நாளில் தானே போகும். போகாவிட்டால், காற்று வறண்ட நாளில் மெல்லிய ஒரு கோட் அடியுங்கள், அல்லது மெதுவாக ஆவியாகும் ரிடார்டரை லேசாகப் புகை போல் தெளியுங்கள். புது லாக்கர் பழையதைக் கரைத்துக்கொண்டு சேரும், அப்போது ஈரம் வெளியேறிவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று மெல்லிய கோட்டுக்கு மேல் வேண்டாம். மேலே தேய்த்து மெருகேற்றுவதற்கு முன் மூன்று நான்கு வாரம் விடுங்கள். அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல், தீப்பற்றவும் கூடியது: திறந்த வெளி, கரிம ஆவிகளைத் தடுக்கும் வடிகட்டி கொண்ட முகக்கவசம், பக்கத்தில் சுடர் எதுவும் இல்லாமை. துணி முகக்கவசம் தூசிக்குத்தான், ஆவிக்கு ஆகாது. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேனை வீட்டில் தெளிக்கவே வேண்டாம். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

நைட்ரோ நெக் உள்ளவர்கள் ரப்பர், வினைல் பட்ட ஸ்டாண்டில் கிட்டாரை வைக்காதீர்கள். அதிலுள்ள ரசாயனம் லாக்கரை இளக்கும். கையில் சானிட்டைசர் தடவிய ஈரத்தோடு நெக்கைப் பிடிப்பதும் அப்படித்தான்.

கேள்வி: மேப்பிள் ஃப்ரெட்போர்டு உள்ள நெக்கில், ஃப்ரெட்டுகளுக்கு (குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மேலேயும் பூச வேண்டுமா?

பதில்: மேப்பிள் ஃப்ரெட்போர்டைப் பூசாமல் விட்டால் விரல் படும் இடங்கள் சாம்பல் நிறமாக அழுக்கேறிவிடும், பூசத்தான் வேண்டும். தெளிப்பதாக இருந்தால் ஃப்ரெட்டுகளுக்கும் சேர்த்தே அடித்துவிட்டு, இறுகிய பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டின் இரு அடிகளிலும் கூரான பிளேடால் மெல்லக் கீறி, மேலே உள்ளதைச் சுரண்டி எடுங்கள். கீறாமல் சுரண்டினால் ஃப்ரெட்டோடு சேர்ந்து பலகையின் பூச்சும் செதில் செதிலாகக் கிளம்பும். துணியால் பூசுகிறவர்கள் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே துணி சுற்றிய குச்சியால் மெல்லப் பூசினால் போதும். ஓரங்களில் சரக்கு தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தந்திகளைத் தலைப்பக்கம் தாங்கும் நட் உட்காரும் பள்ளத்துக்குப் பூச்சு வேண்டாம். ரோஸ்வுட், எபனி ஃப்ரெட்போர்டுகளை டேப்பால் மூடிவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்து நெக்கை மாட்டப் போனால் பாடியின் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. ட்யூனர் (தந்தி முறுக்கும் சாவி) வளையங்களை அமுக்கியபோது துளையைச் சுற்றிப் பூச்சு வெடித்துவிட்டது.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே, பூச்சு ஏற்றிய தடிமன். லாக்கரும் வார்னிஷும் பக்கத்துக்கு 0.1 மி.மீ. வரை சேர்க்கும், இறுக்கமாகப் பொருந்திய ஹீலுக்கு அதுவே அதிகம். ஹீலை அடித்து இறக்காதீர்கள், பாடியின் பள்ளத்து ஓரத்தில் பெயிண்ட் விரியும். சமதளமான கட்டையில் 320 தாளைச் சுற்றி, ஹீலின் இரு பக்கங்களையும் நான்கைந்து இழுப்பு தேய்த்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். பொருந்தும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. ஹீலின் அடிப்பகுதியைத் தொட வேண்டாம், நெக்கின் கோணம் மாறிவிடும்.

ட்யூனர் துளைகளை, வளையம் போடுவதற்கு முன் ரீமரை (துளையைச் சீவும் கருவி) கையால் சுற்றி, உள்ளே படிந்த பூச்சை மட்டும் எடுத்திருக்க வேண்டும். துளையின் விளிம்பில் பூச்சின் கூர்முனையையும் லேசாகச் சரிவாக்கினால் வளையம் இறங்கும்போது படலத்தைத் தள்ளாது. ஹீலின் திருகுத் துளைகளுக்கும் இதே சரிவு வேண்டும்.

வெடித்த இடத்தில் சின்ன விரிசல்தான் என்றால், வளையத்தை எடுத்துவிட்டு, பல்குச்சி நுனியில் நீர்த்த சூப்பர் க்ளூவைத் தொட்டு விரிசலில் வையுங்கள்; தானே உள்ளே ஓடிவிடும். இறுகியதும் 800, 1000 தாளால் சமப்படுத்துங்கள். வாஷர் உள்ள ட்யூனர் என்றால் மிச்சமிருப்பதை அதுவே மறைத்துவிடும்.